குட்டி ஈனும் காலத்தில் ஆட்டுப்பண்ணையில் தங்கப்போகும் கர்ப்பிணிகள் கவனத்திற்கு

செம்மறி ஆட்டுப்பண்ணை ஒன்றில் மூன்று இரவுகள் தங்க முன்பதிவு செய்தபோதே, என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி என்பதை எழுத்தில் தெரிவித்திருந்தேன். "தாராளமாக வாருங்கள், ஆடுகள் குட்டி போடும் சமயம், பக்கத்திலிருந்தே பார்க்கலாம்" என்று பண்ணைக்காரர் பதில் எழுதினார். அதை நம்பி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினோம்.

போய்ச் சேர்ந்த அன்று மாலையே எங்களைப் பட்டிக்குள் அழைத்துச் சென்றார். வைக்கோல் பரப்பிய அடைப்பில் ஓர் ஆடு அப்போதுதான் ஈன்றிருந்தது. இளங்கொடி இன்னும் விழவில்லை. குட்டியின் ஈர உடம்பில் மஞ்சள் பூத்த சவ்வு பிசுபிசுவென ஒட்டியிருந்தது. தாய் நக்கிக்கொண்டிருந்த அந்தக் குட்டியைத் தூக்கி, ஒரு கையுறைகூடத் தராமல், என் மனைவியின் மடியில் வைத்தார். அவளும் ஆசையோடு அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வந்த கால்நடை மருத்துவர் அவளைப் பார்த்ததும் பதறிப்போய், உடனே பட்டியை விட்டு வெளியேறச் சொன்னார். முந்தைய வாரம் அந்த மந்தையில் இரண்டு ஆடுகளுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டிருந்ததாம். அதன் காரணத்தை அறியத்தான் அவர் வந்திருந்தார். பண்ணைக்காரருக்கு இது தெரிந்தே இருந்தது என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் கிளமிடியா, டாக்ஸோபிளாஸ்மா, கியூ காய்ச்சல் போன்ற கிருமிகள் கர்ப்பிணிக்கும் தொற்றி, வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியவை. பனிக்குட நீரிலும் இளங்கொடியிலும் அவை மிகுந்திருக்கும் என்றும், கியூ காய்ச்சல் கிருமி காய்ந்த தூசியோடு காற்றிலும் பரவும் என்றும் அந்தக் கால்நடை மருத்துவர் விளக்கினார். பட்டியில் வேலை செய்த கணவரின் உடையையும் காலணியையும் கர்ப்பிணி தொடுவதுகூட ஆபத்து என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

அன்றே கிளம்பி மருத்துவரிடம் சென்றோம். ஆடுகளோடு இருந்ததை முதலிலேயே சொன்னதால், அதற்குரிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்தார்கள். முடிவு வரும்வரை அவள் சரியாகத் தூங்கவில்லை. நல்லவேளையாகத் தொற்று எதுவும் இல்லை.

மீதி இரண்டு இரவுகளுக்கான பணத்தைக் கேட்டபோது, "நீங்களாகத்தானே பட்டிக்குள் வந்தீர்கள்" என்று பண்ணைக்காரர் மறுத்துவிட்டார். ஆகவே வீட்டில் கர்ப்பிணி இருந்தால், பணம் கட்டுமுன் ஆடுகள் ஈனும் மாதம் எது என்று கேட்டு, அந்தச் சமயத்தில் போவதை அடியோடு தவிர்த்துவிடுங்கள். அந்தப் பண்ணையின் விளம்பரத்தில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை இன்றுவரை ஒரு வரிகூட இல்லை.