மிதக்கும் ஜெட்டியில் ஐந்து வருடம்: மேலே நடந்தது நாங்கள், கீழே குடியிருந்தவை வேறு

வேலூர்க்காரனுக்குக் கடல் ஜெட்டியில், அதாவது படகேறும் மேடையில், என்ன வேலை என்று கேட்பீர்கள். தங்கையைப் பழவேற்காட்டில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளையிடம் இரண்டு படகுகள் உண்டு. சேற்றில் இறங்காமல் படகேற வேண்டும் என்று 2020 தை மாதம் இருவரும் பங்கு போட்டு 24 பிளாஸ்டிக் மிதவைப் பெட்டிகள் வாங்கினோம். அரை மீட்டர் சதுரம், 40 செ.மீ. உயரம், ஒரு பெட்டி ஏழு கிலோ. மூலையில் இருக்கும் காதுகளைப் பொருத்திப் பின்னை முறுக்கினால் ஜெட்டி தயார். ஒரே நாளில் போட்டுவிட்டோம்.

விற்றவர் "இதுல எதுவும் ஒட்டாதுங்க, வழவழப்பு" என்றார். அது பொய். கடல்நீரில் ஒட்டாத பொருள் என்று எதுவும் இல்லை. முதல் நாளிலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வழவழவென்று ஒரு படலம் போட்டுவிடும். அந்தப் படலத்தின் மேல்தான் மற்றவை வந்து உட்காரும். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பெட்டியின் அடியெல்லாம் கொட்டலசு (barnacle) என்ற குட்டி ஓட்டுயிரி. ஆறாம் மாதம் சிப்பி, சுண்ணாம்புக் குழாய்க்குள் வாழும் புழு, தொட்டால் தண்ணீர் பீய்ச்சும் கொழகொழப்பான கடற்பீச்சி எல்லாம் குடும்பம் குடும்பமாக வந்துவிட்டன.

ஒரு பெட்டியைக் கழற்றிக் கரையில் கவிழ்த்தோம். காதைக் கிட்டே வைத்தால் மெல்லிய சொடசொட சத்தம்; கொட்டலசுகள் வாயை இறுக மூடிக்கொள்கின்றன. சிப்பி இடுக்கிலிருந்து நகத்தளவு நண்டுகள் ஓடின. ஒரு கொத்துக் கொட்டலசைப் பக்கெட்டில் கடல்நீர் விட்டுப் போட்டேன். பத்து நிமிடத்தில் ஓடு திறந்து, இறகு போன்ற கால்கள் வெளியே வந்து தண்ணீரை வாரி வாரி உள்ளே இழுத்தன. பார்க்கச் சிப்பி மாதிரி இருந்தாலும் அது இறால், நண்டுக்குச் சொந்தம். குஞ்சாக நீந்தி வந்து, தலையைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுக்கக் காலால் உண்ணுகிறது. டார்வின் எட்டு வருடம் இதை ஆராய்ந்தார் என்பது அந்தப் பக்கெட்டைப் பார்த்த பிறகு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சரி, பாரம்? அந்தப் பெட்டியைத் தராசில் வைத்தால் 21 கிலோ. ஆனால் ஜெட்டி ஒரு விரல் அகலம்தான் இறங்கியிருந்தது. ஒட்டியிருப்பதில் பாதிக்கு மேல் தண்ணீர்; கடலுக்குள் அதற்கு எடை இல்லை. உண்மையான சேதம் ஜெட்டியைக் கட்டியிருக்கும் கயிற்றில். அடிப்பக்கம் கரடுமுரடானதும் நீரோட்டம் அதைப் பிடித்து இழுக்கிறது, கொட்டலசின் விளிம்போ பிளேடு மாதிரி. இரண்டாம் வருடம் கார்த்திகை மழையில் கயிறு அறுந்து, ஜெட்டி மொத்தமாக நகர்ந்துபோய்ச் சேற்றில் செருகியது. அன்றிலிருந்து பெட்டியோடு உரசும் இடத்தில் கயிற்றுக்கு ரப்பர் குழாய் மாட்டுகிறோம்.

இரும்புத் தகட்டால் சுரண்டாதீர்கள். நாங்கள் முதலில் அப்படித்தான் செய்தோம். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த தலைமுறை இன்னும் வேகமாக ஒட்டியது. இப்போது வெயில் காலத்தில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை நான்கு நான்கு பெட்டிகளாகக் கழற்றி, கவிழ்த்து நான்கு நாள் காயவிடுகிறோம். அப்புறம் மரக்கட்டையால் தட்டினாலே முக்கால்வாசி உதிர்ந்துவிடும். இதில் சுணங்கினால் பின் மாட்டும் துளைகளுக்குள் ஓடு வளர்ந்து, கழற்றவே முடியாது.

மூன்றாம் வருடம் கறுத்த சின்னச் சிப்பிகள் பாய் விரித்த மாதிரி வந்தன. "மச்சான், இதுதான் காக்கா ஆழி" என்றார் மாப்பிள்ளை. எண்ணூர், பழவேற்காடு மீனவர்களைப் படுத்தும் அந்நியச் சிப்பி அது. தென் அமெரிக்கா பக்கத்தைச் சேர்ந்தது. கப்பல்களோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். தரையை மூடிவிடுவதால் இறால் மண்ணுக்குள் புதைய வழியில்லை. சுரண்டியதைத் திரும்பத் தண்ணீரில் தள்ளுவதை அன்றோடு நிறுத்தினோம். கரையில் குழி தோண்டிப் போடுகிறோம். ஜெட்டி வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இந்தத் தொல்லை சின்ன ஆட்களுக்கு மட்டும் இல்லை. நம் பாலாறு கடலில் சேரும் வயலூருக்குப் பக்கத்தில்தான் கல்பாக்கம் அணுமின் நிலையம். கடல்நீர் எடுக்க அங்கே கடலுக்கடியில் 468 மீட்டர் சுரங்கம் இருக்கிறது. அதற்குள்ளும் பச்சைச் சிப்பி குடியேறியது. குளோரின் விட்டுக் கட்டுப்படுத்துகிறார்கள்.

போன வருடம் எட்டுப் பெட்டிகளை வேலூர் பக்கம் அணைக்கட்டு ஊருக்கு அருகே இருக்கும் எங்கள் பண்ணைக்குட்டைக்குக் கொண்டுவந்தேன், மீனுக்குத் தீனி போடும் மேடைக்காக. ஏற்றுவதற்கு முன் மூன்று வாரம் வெயிலில் போட்டு, ஓடு ஒன்றுகூட இல்லாமல் தட்டி எடுத்தேன். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. நன்னீரில் பாசியும் நத்தையும் தவிர வேறெதுவும் இல்லை. ஒருமுறைகூடச் சுரண்டவில்லை, ரோகு மீன்களே அடிப்பாசியை மேய்ந்துவிடுகின்றன. பிளாஸ்டிக்கில் விரிசல் இல்லை, மேல் நிறம் மட்டும் வெளுத்திருக்கிறது. பெட்டிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். கடலில் போடுபவர்கள் கழற்றிக் காயவைக்கும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

குட்டை வற்றும்போது பெட்டிகளின் பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் தெரியும். கொட்டலசு போன பிறகும் அதன் அடித்தட்டு மட்டும் போகவில்லை. ஊர்ப் பிள்ளைகள் சுண்ணாம்பா என்று கேட்டுச் சுரண்டிப் பார்க்கிறார்கள். நகம்தான் வலிக்கிறது அவர்களுக்கு.