ஜொங்சொன் சந்தையில் கொந்த்ரே சோறு

தென் கொரியாவின் காங்வொன் மாகாணத்தில், தேதி 2 அல்லது 7 என்று முடியும் நாட்களில் ஜொங்சொன் சந்தை கூடும். வசந்த காலத்தில் போனால் மலைக் கீரைகளைப் பாட்டிகள் கூறு கட்டி விற்பார்கள். அங்கேயே ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டேன்.

கொந்த்ரே முட்செடி இனத்துக் கீரை. இளம் இலையை வேகவைத்து, பெரில்லா என்ற செடியின் விதை எண்ணெயில் பிரட்டி, அரிசியோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். கலந்து சாப்பிட சோயா சாஸ், வெங்காயத்தாள், மிளகாய்த்தூள், எள் சேர்த்த சாறு. கொஞ்சமாக விடுங்கள், அதிகமானால் உப்பு கீரை வாசத்தை அமுக்கிவிடும். மணம் பிரமாதம்!

தூருப் என்ற மரத்தின் தளிரை வெந்நீரில் முக்கியெடுத்து, புளிப்பான கொச்சுஜாங்கோடு (மிளகாய் விழுது) தந்தார்கள். லேசான கசப்பு, சுண்டைக்காய் பிரியர்கள் விடமாட்டார்கள். பெரணிக் குருத்துப் பொரியல் சுமார்தான், எண்ணெய் மிதந்தது. (பெரணியைப் பச்சையாகத் தின்னக்கூடாது, வேகவைத்து, ஊறவைத்து நச்சை நீக்கித்தான் சமைப்பார்கள்.)

சைவர்கள் கவனிக்க: தோயன்ஜாங் (புளிக்கவைத்த சோயா விழுது) குழம்பில் பெரும்பாலும் நெத்திலிச் சாறு இருக்கும். முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், காய்ந்த கொந்த்ரேயும் அங்கே கிடைக்கும், ஒரு பொட்டலம் வாங்கலாம். நாமே பறிக்கலாமே என்று தேசியப் பூங்காவுக்குள் இறங்கிவிடாதீர்கள், அபராதம் விழும்.