நெடுஞ்சாலைப் பயணத்திற்கு எந்த வண்டி: மீட்டியோர் 350, ஹிமாலயன் 450, ஸ்பீட் 400

ஆண்டுக்கு நாலைந்து முறையாவது மனைவியுடன் மாநில எல்லையைத் தாண்டிப் போய்வர ஒரு வண்டி வேண்டும், அதே வண்டியில் வார நாட்களில் வேலைக்கும் போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இன்று 350 முதல் 450 சிசி வரையுள்ள வண்டிகளே பொருத்தமானவை. அவற்றுள் நான் நெடுநாள் யோசித்துக் குறைத்துக்கொண்டு வந்தவை மூன்று: ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, அதே நிறுவனத்தின் ஹிமாலயன் 450, பஜாஜுடன் சேர்ந்து ட்ரையம்ஃப் இந்தியாவில் உருவாக்கும் ஸ்பீட் 400. வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பது மீட்டியோர் 350. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை வாசிப்பவர்கள் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் போட்டியே இல்லை. ஹிமாலயனின் 452 சிசி என்ஜினும் ஸ்பீடின் 398 சிசி என்ஜினும் ஏறத்தாழ 40 குதிரைத்திறன் தருகின்றன. மீட்டியோரின் 349 சிசி என்ஜின் அதில் பாதிதான். எடையில் ஸ்பீட் 176 கிலோ, மீட்டியோர் 191, ஹிமாலயன் 196. பெட்ரோல் டாங்க் முறையே 13, 15, 17 லிட்டர். பிரேக், ஏபிஎஸ் ஆகியவற்றில் மூன்றுமே குறை சொல்ல இடமில்லாதவை என்பதால் அவற்றைத் தாண்டிப் போகிறேன்.

பாதித் திறனுள்ள வண்டியை ஒருவர் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச் சாலைகளில் இருசக்கர வண்டிகளுக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மீட்டியோர் சிரமமே இல்லாமல் ஓடுகிறது. 72 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும் 85.8 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) கொண்ட அதன் என்ஜின், தன் 27 நியூட்டன் மீட்டர் இழுவிசையை நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே தந்துவிடுவதால், திருச்சியிலிருந்து மதுரை வரை ஐந்தாவது கியரை விட்டு இறங்காமலேயே வந்துசேர முடிகிறது. குறை தெரிவது 80-இல் போகும் ஆம்னி பஸ்ஸை முந்த வேண்டிய தருணத்தில்தான். பின்னால் ஆளும் இரண்டு பக்கமும் பையும் இருக்கும்போது மீட்டியோரில் அதற்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஹிமாலயனிலும் ஸ்பீடிலும் கையைத் திருகினால் போதும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இருவராக ஏறும்போதும் இந்த வேறுபாடு நன்றாகவே உறைக்கும். இதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை: வேகம்தான் உங்கள் பயணத்தின் இன்பம் என்றால் மீட்டியோர் உங்களுக்கான வண்டி அல்ல.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஊரில், வழக்கமான மெக்கானிக்கின் கையில் நடக்கும் பராமரிப்பை இங்கே சொல்லவில்லை, அது எந்த வண்டிக்கும் நடந்துவிடும். வீட்டை விட்டு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, முன்பின் தெரியாத ஒரு தாலுகா ஊரில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் வண்டிக்கு ஏதாவது தேவைப்பட்டால் அது அங்கேயே நிறைவேறுமா என்பதே நான் கேட்டுக்கொண்ட கேள்வி. இதில் டயர், செயின், உதிரி பாகம், என்ஜினின் அமைப்பு என்று நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதலில் டயர். மீட்டியோருக்கு அலாய் வீலும் ட்யூப்லெஸ் டயரும் 2020 நவம்பரில் வெளிவந்த நாளிலிருந்தே உண்டு. துவரங்குறிச்சியைத் தாண்டி எங்கள் பின் டயரில் ஓர் ஆணி ஏறியபோது, சக்கரத்தைக் கழற்ற வேண்டிய தேவையே ஏற்படவில்லை. டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆணி மேலே வரும்படி சக்கரத்தைச் சுழற்றி, குறட்டால் அதைப் பிடுங்கினேன். பஞ்சர் கிட்டில் உள்ள முறுக்கு ஊசியால் துளையைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பசை தடவிய ரப்பர் திரியைக் கோத்து உள்ளே அழுத்தி, ஊசியை மட்டும் சட்டென்று வெளியே இழுத்து, நீட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை பிளேடால் அறுத்துவிட்டு, பேட்டரியில் மாட்டும் சிறு பம்பால் காற்று ஏற்றினேன். மனைவி பக்கத்தில் நின்ற வண்டிக்காரரிடம் வாங்கிய இளநீரைக் குடித்துவிட்டு வழுக்கையைச் சுரண்டிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இதையே ட்யூப் உள்ள ஸ்போக் வீலில் நினைத்துப் பாருங்கள். ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, செயினை ஸ்பிராக்கெட் என்னும் பற்சக்கரத்திலிருந்து இறக்கி, சக்கரத்தை உருவி, நெம்புகோலால் டயரின் விளிம்பைப் பிரித்து, ட்யூபை வெளியே எடுத்து ஒட்டி, எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் மீண்டும் மாட்டி, கடைசியில் செயினின் தளர்வையும் சக்கரத்தின் நேரையும் சரிபார்க்க வேண்டும். ஹிமாலயன் 450, 2023 நவம்பரில் வெளிவந்தபோது ட்யூப் வீலோடுதான் வந்தது. ட்யூப்லெஸ் ஸ்போக் வீல் 2024-இல்தான் வந்து சேர்ந்தது. அதைப் பொருத்திய ஹிமாலயனை வாங்குபவர்களுக்கு இந்தக் குறை தீர்ந்துவிடுகிறது. ஸ்பீட் 400 முதலிலிருந்தே ட்யூப்லெஸ் என்றாலும் அதற்கு டபுள் ஸ்டாண்ட் கிடையாது. பின் சக்கரத்தில் எந்த வேலை என்றாலும் வண்டியை யாராவது சாய்த்துப் பிடிக்க வேண்டும், அல்லது தனியாக ஒரு ஸ்டாண்ட் வேண்டும்.

பஞ்சரைவிடப் பெரிய தொல்லை டயர் வெட்டுப்பட்டு மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை. மீட்டியோரின் முன் டயர் 100/90-19. கிளாசிக் 350-க்கும் அதே அளவுதான். பின் டயர் 140/70-17. இது சில 150 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டிகளுக்கும் போடும் அளவு. ஆகவே மாவட்டத் தலைநகரில் உள்ள ஏதாவது ஒரு டயர்க் கடையில் இருப்பு இருக்கும். ஸ்பீடின் பின் டயர் 150/60 அளவுள்ள ரேடியல். ஹிமாலயனின் முன் டயர் 21 அங்குலம். இரண்டுமே சின்ன ஊர்க் கடைக்காரர் அலமாரியில் வாங்கி அடுக்கிவைக்கும் சரக்கு அல்ல. வரவழைத்துத் தருகிறேன் என்பார், அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும், நமக்கு லாட்ஜ் வாடகை ஏறும்.

அடுத்து செயின். மூன்றிலும் செயின்தான், மூன்றிலும் ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் காட்ட வேண்டும், மழையில் நனைந்தால் அன்றே காட்ட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் போய்வந்தவர்களுக்கு, ஒரே இரவில் செயினின் ஓரத்தில் செந்நிறம் படர்வதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வண்டி நின்ற சூட்டிலேயே லாட்ஜின் பின்புறத்தில் டபுள் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தை இடது கையால் மெல்லப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே, வலது கையால் செயினின் உட்பக்கத்தில் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அழுக்கைப் பழைய பனியன் துணியால் துடைத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். டபுள் ஸ்டாண்ட் இல்லாத வண்டியில் இதே வேலைக்கு வண்டியைக் கொஞ்சம் தள்ளி, எண்ணெய் விட்டு, மறுபடியும் தள்ளி என்று தொடர வேண்டும். அதில் ஏற்படும் அலுப்பினால்தான் பலர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள் என்பது என் எண்ணம்; செயினும் ஸ்பிராக்கெட்டும் சீக்கிரம் தேய்வதற்கு வேறு பெரிய காரணம் தேவையில்லை.

என்ஜினின் அமைப்பைப் பற்றி வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. மீட்டியோரின் என்ஜின் காற்றாலும் ஆயிலாலும் குளிர்வது. ரேடியேட்டர், கூலன்ட், நீர்க்குழாய் எதுவும் இல்லை, எனவே லாரி டயர் தெறிக்கும் கல்லுக்கு அஞ்ச வேண்டிய உறுப்பு ஒன்று குறைகிறது. வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடு வைத்து, ஸ்குரூவைத் திருகி, லாக் நட்டை இறுக்கிச் சரிசெய்யும் பழைய முறையே இதில் உள்ளது, டேப்பட் பார்க்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் செய்துவிடுவார். மற்ற இரண்டும் திரவத்தால் குளிரும், இரட்டைக் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கொண்ட என்ஜின்கள். அவற்றில் இடைவெளி மாறினால் கேம் ஷாஃப்டைத் தூக்கி, சரியான தடிமனுள்ள ஷிம் என்னும் சிறு உலோக வில்லையைத் தேடி வைக்க வேண்டும். அந்த வேலை அடிக்கடி வருவதில்லை என்பது உண்மை. வந்தால் ஷோரூம்தான் கதி என்பதும் உண்மை.

ஸ்பீட் 400-க்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால் அதன் சர்வீஸ் இடைவெளியைச் சொல்ல வேண்டும்: 16,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. மீட்டியோரை அதைவிட அடிக்கடி சர்வீஸுக்கு விட வேண்டியிருக்கிறது. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வசிப்பவர், சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே இருப்பவர், ஆண்டுக்கு ஒரு நீண்ட பயணம் மட்டும் போகிறவர் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்பீடை எடுக்கலாம். என் நிலைமை வேறு. மீட்டியோரின் 349 சிசி என்ஜினையே கிளாசிக், ஹண்டர், புல்லட் 350 ஆகியவற்றிலும் பொருத்தியிருப்பதால், ஆயில் ஃபில்டரும் கிளட்ச் கேபிளும் பிரேக் பேடும் எனக்கு சர்வீஸ் சென்டருக்கு வெளியேயும் கிடைக்கின்றன. ராயல் என்ஃபீல்டு 1950-களிலேயே சென்னையின் திருவொற்றியூரில் வண்டி தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டில் அதன் டீலர் இல்லாத மாவட்டத் தலைநகரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹிமாலயனுக்கும் இதே டீலர் வலை உண்டு என்றாலும், அதன் புதிய என்ஜினுக்கான உதிரி பாகங்கள் 350-க்குக் கிடைக்கும் அளவுக்கு வெளிக்கடைகளில் இன்னும் பரவவில்லை.

ஹிமாலயனைப் பற்றிய என் அனுபவம் நண்பரின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டிய அளவோடு சரி. நாள்கணக்கில் மூட்டையோடு ஓட்டியதில்லை. ஓட்டிய மட்டில், உடைந்த சாலையில் அதன் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் குலுக்கலை விழுங்கிக்கொள்ளும் விதம் மீட்டியோருக்குக் கனவிலும் வாராது. லடாக்கோ ஸ்பிட்டியோ போவதாக இருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆனால் 825 மில்லிமீட்டர் உயரமுள்ள இருக்கையில், பின்னால் ஒருவர் ஏறி இறங்கும்போதெல்லாம் காலை ஊன்றிச் சமாளிப்பது ஐந்தரை அடி ஆளுக்கு எளிதல்ல. மீட்டியோரின் இருக்கை 765 மில்லிமீட்டர்தான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் முப்பந்தல் காற்றாலைகளுக்கிடையே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தபோது, பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தடம் மாற்றித் தள்ளியது. தாழ்வான வண்டியில் இருப்பதன் அருமை அங்கே புரிந்தது. அதே இடத்தில் ஹிமாலயன் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஓட்டியவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

விலையில் 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இடைவெளி பெரிதாகிவிட்டது. 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு செஸ் உட்பட 31 ஆக இருந்த வரி 40 ஆனது. இப்போது மீட்டியோர் ஷோரூம் விலையில் இரண்டு லட்சத்தை ஒட்டியும் ஹிமாலயன் மூன்று லட்சத்தைத் தாண்டியும் நிற்கின்றன. மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், பக்கப் பைகள், முதுகைத் தாங்கும் சீட் எல்லாம் வாங்கியும் கையில் காசு மீதியிருக்கும். 2025-இல் வந்த மீட்டியோரில் அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்சும் சேர்ந்துவிட்டதால், ஊருக்குள் கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது கை கடுக்கும் தொல்லையும் குறைந்திருக்கிறது.

ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650-ஐ ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். நெடுஞ்சாலையில் அதன் இரட்டைச் சிலிண்டர் என்ஜினுக்கு நிகர் இந்த விலையில் இல்லை, ஆனால் 13.7 லிட்டர் டாங்கும் 200 கிலோவைத் தாண்டும் எடையும் தினசரி அலுவலகப் போக்குவரத்துக்கு எனக்குச் சரிப்படவில்லை. ஹோண்டா சிபி350-இன் என்ஜின் மீட்டியோரைவிட மென்மையானது என்பதை மறுக்க மாட்டேன். அதை பிக்விங் என்ற தனி ஷோரூம்களில்தான் விற்கிறார்கள் என்பதால் ஊருக்கு ஊர் இருக்கும் ஹோண்டா ஸ்கூட்டர் டீலரை நம்பிப் புறப்பட முடியாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஹிமாலயன் 450 என்றால் முதலில் சக்கரத்தைப் பாருங்கள்: ட்யூப் வீலாக இருந்தால் ட்யூப்லெஸ்ஸுக்கு மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். மீட்டியோர் என்றால் டபுள் ஸ்டாண்ட் போட்டு பின் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, செயின் ஓரிடத்தில் இறுக்கமாகவும் மற்றோரிடத்தில் தளர்ந்தும் இருக்கிறதா, பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கி போல வளைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.