அதிகாரமா, உரிமையா? 1 கொரிந்தியர் 8–10 படிக்க இரண்டு தமிழ் வேதாகமங்கள்

விசுவாசம் நமக்கு உரிமை தருகிறதா, இருக்கிற உரிமையையும் விடச் சொல்கிறதா? இந்தக் கேள்வியோடு, கொரிந்து சபைக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலன் பவுலைப் படிக்கிறவர்கள் கையில் இருப்பது எந்த மொழிபெயர்ப்பு என்று முதலில் பார்க்க வேண்டும். பதிலில் பாதி அங்கேயே மாறிவிடுகிறது.

1871இல் வெளிவந்த, ஹென்றி பவர் குழுவின் மொழிபெயர்ப்பிலிருந்து வரும் பழைய திருப்புதல், மூலத்தில் உள்ள 'எக்ஸூசியா' என்ற கிரேக்கச் சொல்லை 'அதிகாரம்' என்கிறது. "புசிக்கவும் குடிக்கவும் எங்களுக்கு அதிகாரமில்லையா?" (9:4). இன்றைய காதுக்கு அதிகாரம் என்றால் பதவி, மிரட்டல். பவுல் கேட்பதோ, உழைத்தவனுக்கு உரிய சாப்பாடு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இங்கே 'உரிமை' என்று போடுகிறது. யோவான் 1:12இலும் அப்படித்தான்: பழையதில் பிள்ளைகளாகும்படி 'அதிகாரங்கொடுத்தார்', புதியதில் பிள்ளைகள் ஆகும் 'உரிமை'. முதல் வாசிப்புக்குத் திருவிவிலியத்தையே கொடுப்பேன்.

ஆனால் பழையதை ஒதுக்கிவிட முடியாது. 9ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் கிரேக்கத்தில் ஆறு முறை வருகிறது: 4, 5, 6, 18 வசனங்களில் ஒவ்வொரு முறை, 12இல் இரண்டு முறை. பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போங்கள். 8:9இலும் அதே சொல். 10:23இல் "அதிகாரமுண்டு" என்று இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் அதன் இனமான வினைச்சொல் நிற்கிறது. அந்த இழை அறுந்துவிடாமல் பழைய திருப்புதல் காப்பாற்றித் தருகிறது.

வட்டமிட்டு முடித்ததும் வாதத்தின் அடுக்கு தெரியும். போர்வீரன், திராட்சத்தோட்டக்காரன், மந்தை மேய்ப்பவன், வாய் கட்டக்கூடாத போரடிக்கிற மாடு என்று அடுக்கி, கர்த்தருடைய கட்டளையையும் (9:14) காட்டி, உரிமையை முழுதாக நிலைநாட்டுகிறார். அந்த உரிமையை வைத்துக்கொண்டேதான் அதைச் "செலுத்தாமல்" (9:12, 18), அதாவது பயன்படுத்தாமல், விடுவதாகச் சொல்கிறார். இல்லாத உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மனைவியோடு பயணம் செய்யும் கேபாவிடம் (பேதுருவிடம், 9:5) 'நீயும் விட்டுவிடு' என்று அவர் கேட்கவில்லை. விடுகிறவர் உரிமைக்காரர்தான், அடுத்தவர் பிடுங்கினால் அது பறிப்பு. சபைகளில் இந்தப் பகுதியை எளியவர்களின் வாயடைக்கப் பயன்படுத்தும்போது இந்த இடம்தான் விடுபடுகிறது. விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றிப் பேசும் 8:9 எச்சரிப்பது, அதனால் மனச்சாட்சி இடறும் பலவீனரை அல்ல, அதிகாரம் இருக்கிறவர்களை.

இரண்டு இடறல்கள். பழையதில் 'சுதந்தரம்' என்றால் விடுதலை அல்ல, வாரிசுச் சொத்து (ரோமர் 8:17இன் 'சுதந்தரர்' வாரிசுகள்). விடுதலைக்கு அங்கே 'சுயாதீனம்'. அடுத்து, 11:1 உண்மையில் 10ஆம் அதிகாரத்தின் முடிவு. அதிகாரப் பிரிப்பை நம்பி 10:33இல் நிறுத்தினால் "என்னைப் பின்பற்றுகிறவர்களாயிருங்கள்" என்ற வரி கைநழுவும்.

மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில், முதலில் திருவிவிலியத்திலும் பிறகு பழைய திருப்புதலிலும் படியுங்கள். அதோடு அப்போஸ்தலர் 16:37, 22:25, 25:11 மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலியை விட்ட அதே பவுல், ரோமக் குடிமகனுக்குரிய உரிமையைக் கேட்டு வாங்கி, "இராயருக்கு அபயமிடுகிறேன்" (பேரரசரிடம் மேல்முறையீடு செய்கிறேன்) என்றும் சொல்கிறார்.