எட்டுக்கு நாலு மேஜையா, சுவரோரப் பலகையா?

வீட்டில் மாடல் ரயில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் எட்டுக்கு நாலு பிளைவுட்தான். கால் வைத்து, நீள்வட்டமாகத் தண்டவாளம் போட்டால் அன்று மாலையே ரயில் ஓடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது பத்துக்குப் பத்து அறையில், இரண்டு சுவர்களை ஒட்டி ஒன்றரை அடி அகலப் பலகை அடித்து, அதில் ஓட்டுகிறேன்.

மேஜையின் பெரிய பலம், ரயில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்ப்பார்கள். செட்டாகக் கிடைக்கும் வளைவுத் தண்டவாளங்கள் அப்படியே பொருந்தும். வெட்டும் வேலையே இல்லை.

சிக்கல் வளைவில் இருக்கிறது. மாடல் ரயில்களில் எச்ஓ (HO) அளவு என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நம் பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி சுமார் 21.3 மீட்டர் நீளம். எச்ஓவில் அது 24.5 செ.மீ. ஆகிறது. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் ஓட்டம் நம்பகமாக இருக்கும் என்பது இத்துறையில் பழகிய கணக்கு. அதன்படி 73 செ.மீ. வேண்டும். நாலடி அகலத்தில் ஓரம் விட்டு 55-க்கு மேல் வராது. செட்டில் வழக்கமாக வருவது 18 அங்குலம், அதாவது 46 செ.மீ.தான். அந்த வளைவில் முழு நீளப் பெட்டி போகும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் பிதுங்கி நிற்கும். பார்க்க மனசு கேட்காது.

நேர்ப்பாதைக்கும் இடம் போதாது. இரு முனை வளைவும் ஓரமும் போக 56 அங்குலம், சுமார் 142 செ.மீ. மிஞ்சும். எஞ்சினும் ஐந்து பெட்டிகளும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். அப்புறம் பிளாட்பாரம் எங்கே போடுவது?

இன்னொன்று, மேஜையைச் சுற்றி ஆள் நடக்க இடம் வேண்டும். சிறிய அறையில் வேறு வழியின்றிச் சுவரோடு தள்ளிப் போட்டேன். பெட்டி தடம் புரண்டால் தூர மூலைக்குக் கை எட்டாது.

சுவரோரப் பலகை இதையெல்லாம் தீர்க்கிறது. எல் வடிவில் பதினெட்டரை அடி நீளம் கிடைத்தது. பரப்போ 28 சதுர அடிக்கும் குறைவு. மேஜைக்கு 32. ஒரு சுவரில் முழு ஸ்டேஷன் நேராக வந்தது, மூலை வளைவையும் தாராளமாக எடுக்க முடிந்தது. கீழே பீரோவும் கட்டிலும் அவற்றின் இடத்திலேயே இருக்கின்றன.

இங்கே இழப்பது சுற்றோட்டம். ரயில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைதான். அதனால் ஷண்டிங்கில், அதாவது பெட்டிகளைப் பிரித்து மாற்றிக் கோக்கும் வேலையில், ருசி உள்ளவர்களுக்கே இது சரிப்படும். பிரிட்டிஷ் மாடல் ரயில் ஆர்வலர் ஆலன் ரைட் வடிவமைத்த 'இங்கிள்நூக்' புதிரைப் பாருங்கள்: மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைப் பாதை), இரண்டு பாயிண்ட் (தடம் பிரியும் இடம்), எட்டு வேகன். சீட்டெடுத்து வரும் வரிசையில் ஐந்து வேகன்களைக் கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் சாத்தியம். அதே தண்டவாளம், ஒவ்வொரு மாலையும் புதுக் கணக்கு! பலகைக்கு மாறிய பிறகு நான் ரயிலைப் பார்க்கும் நேரத்தைவிட ஓட்டும் நேரம்தான் அதிகம்.

மேஜைதான் வேண்டும் என்றால் 'என்' ஸ்கேலுக்குப் போங்கள். அது 160-ல் ஒரு பங்கு. இடைவெளி 9 மி.மீ. அதே ஐசிஎஃப் பெட்டி 13.3 செ.மீ.தான், மூன்று மடங்கு 40. நாலடியில் தாராளமாக அடங்கும். ஆனால் எனக்குத் தெரிந்து இந்திய எஞ்சின், பெட்டி மாடல்கள் எச்ஓவில்தான் அதிகம். சிறு விரல்களுக்கும் எச்ஓதான் தோது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, சுற்றுவதைப் பார்ப்பதே சந்தோஷம் என்றால் மேஜை. எச்ஓவில் என்றால் குட்டைப் பெட்டிகளோடு. நம்மூர் முழு நீள ரயில் ஸ்டேஷனில் வந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றால் தயங்காமல் பலகை.

எதுவானாலும் மரம் வாங்கும் முன் 24.5 செ.மீ. (என் ஸ்கேல் என்றால் 13.3) நீளத்தில் ஆறு அட்டைத் துண்டுகள் வெட்டுங்கள். தரையில் சாக்பீஸால் வளைவைப் போட்டு, துண்டுகளை அதன்மேல் வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.