தருமபுரி மாடியில் மண்ணில்லாக் கீரை: ஆழ்நீர்த் தொட்டியா, கிராட்கியா, குழாய் முறையா?

வீட்டு மாடியில் மண்ணின்றிக் கீரை வளர்க்க முனைவோருக்கு மூன்று வழிகள் உள்ளன. செடியின் வேர் எந்நேரமும் காற்றூட்டப்பட்ட உரநீரில் மூழ்கியிருக்கும் ஆழ்நீர் முறை, அசையாத உரநீருக்கு மேலே உள்ள காற்றிடைவெளியில் மேல்வேர்கள் சுவாசிக்கும், பம்ப்பே இல்லாத கிராட்கி முறை, சரிவான குழாய்களில் உரநீரை மெல்லிய படலமாக ஓடவிடும் என்.எஃப்.டி. முறை ஆகியவையே அவை. தருமபுரியில் நான் தேர்ந்தெடுத்தது ஆழ்நீர்த் தொட்டி. களை இல்லை, தண்ணீர்ச் செலவு குறைவு என்பவை மூன்றுக்கும் பொதுவான நன்மைகள். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, நம் ஊர் வெயிலை எந்த முறை தாங்கும் என்பதையே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் சூடேறச் சூடேற, அதில் கரையும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் வேரின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது; வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் போன்ற நோய்க்கிருமிகளும் அப்போதுதான் எளிதில் தாக்குகின்றன. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி வழவழப்பானால், இலை வாடுவதற்கு முன்பே நோய் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆழ்நீர்த் தொட்டியை நான் உயர்வாகக் கருதுவது இதனால்தான். ஐம்பது லிட்டர் தண்ணீர், நான்கு லிட்டர் தண்ணீரைப் போல நண்பகலுக்குள் சூடேறிவிடாது. தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை வண்ணம் பூசி, பசுமை நிழல்வலையின் கீழ் வைத்து, மூடியின் மேல் தெர்மாகோல் பலகை பதித்தால் சூடு இன்னும் தணியும். ஒளி உள்ளே புகாததால் பாசியும் பிடிக்காது. கடும் வெயில் நாளில், உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தொட்டிக்குள் மிதக்கவிடலாம். மீன்தொட்டிக்கான சிறிய ஏர் பம்ப்பும் காற்றைச் சிறு குமிழ்களாக வெளிவிடும் ஒரு ஏர் ஸ்டோனும் இந்த அளவுத் தொட்டிக்குப் போதுமானவை. பம்ப் நிழலில் இருக்க வேண்டும். இல்லையெனில் அது சூடான காற்றையே தண்ணீருக்குள் செலுத்தும். தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரத்தில் அதை வைப்பதும் அவசியம், ஏனெனில் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய்வழியே பின்னோக்கி வந்து பம்ப்பைக் கெடுத்துவிடும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தப்படும் மின்சாரம் பல மணி நேரம் கழித்தே திரும்பும் என்பது இங்குள்ளவர்களுக்குப் பழக்கமானது. குழாய் முறையில் பம்ப் நின்றால் மெல்லிய படலம் வடிந்து, வெயில் நாளில் வேர் விரைவில் காய்ந்துவிடும். தொடங்குவோருக்கு அதை நான் பரிந்துரைக்காததற்கு இந்த ஒரு காரணமே போதும். ஆழ்நீர்த் தொட்டியில் தண்ணீர் அங்கேயே இருக்கும். செடி வேரூன்றியபின் நீர்மட்டத்தை மூடியிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் கீழே வைத்தால், மேல்வேர்கள் அங்குள்ள காற்றிலிருந்தே சுவாசித்து மின்சாரமில்லாத நேரத்தைச் சமாளிக்கும். இதற்காகவே, தண்ணீரில் மிதக்கும் பலகையைவிடத் தொட்டி விளிம்பில் அமரும் மூடியை நான் விரும்புகிறேன்.

இந்தக் காற்றிடைவெளி உண்மையில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிராட்கி உருவாக்கிய முறையின் அடிப்படை. மின்சாரமே தேவைப்படாத அந்த முறையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரிலும், தளிப் பக்கத்திலும் மழைக்காலம் முதல் மாசி வரை லெட்யூஸுக்கு அதுவே போதும் என்பது என் கணிப்பு. தருமபுரி, அரூர், காவேரிப்பட்டணம் பகுதிகளிலோ கிராட்கியின் சிறிய கொள்கலன் வெயிலில் சூடேறுவதோடு, செடி தண்ணீரை விரைந்து உறிஞ்சுவதால் மிஞ்சும் நீரில் உப்பும் செறிவடைகிறது.

உப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. லெட்யூஸுக்கு உரநீரின் ஈ.சி. (கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.8 முதல் 1.2 mS/cm வரை இருந்தால் போதும். உரம் சேர்ப்பதற்கு முன்பே தண்ணீர் அந்த அளவைக் காட்டினால், உரத்துக்கு அதில் இடமே இல்லை. எந்த முறையானாலும் முதலில் வாங்க வேண்டியது ஈ.சி. மீட்டர்தான். மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ கலந்து அளவைக் குறைக்கலாம். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். பைகார்பனேட் மிகுந்த நீரில் அது மீண்டும் மீண்டும் ஏறும், ஆகவே அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். கால்சியம் நைட்ரேட்டின் அடர்கரைசலை மற்ற உரங்களின் அடர்கரைசலோடு நேரடியாகக் கலந்தால் வெண்படிவாக இறங்கிவிடும்; அதனால்தான் உரங்கள் ஏ, பி என இரு புட்டிகளில் வருகின்றன. இரு வாரங்களுக்கு ஒருமுறை தொட்டி நீரை முழுவதும் மாற்றி, பழையதை மாடியிலுள்ள மற்றச் செடிகளுக்கு ஊற்றிவிடுகிறேன்.

தக்காளி, குடைமிளகாய் போன்ற காய்ப்பயிர்களை நான் இதில் வளர்த்ததில்லை. மேற்கூறியவை கீரைகளுக்கு மட்டுமே பொருந்தும். லெட்யூஸையும் பாலக்கையும் பங்குனிக்கு முன் அறுவடை செய்து முடிப்பது நல்லது. சித்திரை, வைகாசிக்கு அதே தொட்டியில் வள்ளைக்கீரையை வைக்கலாம். நீர்நிலைகளிலேயே இயல்பாக வளரும் கீரையாதலால், வெதுவெதுப்பான தண்ணீரிலும் அது தழைக்கிறது.