3000-ஆ, 4000-ஆ, 6500-ஆ? எக்ஸ்போ ஸ்டாலுக்கு எந்த வெள்ளை

"தம்பி, மஞ்சள் விளக்கு போட்டா கடை தூங்கி வழியும். வெள்ளையே போடுங்க." சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நகைக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் சொன்னது இது. கண்காட்சிகளுக்கு ஸ்டால் அமைப்பது என் பிழைப்பு. இந்தப் பேச்சை வருடத்துக்கு நான்கு முறையாவது கேட்டுவிடுவேன். வீவக அடுக்குமாடி வீட்டில் வெள்ளை டியூப்லைட் வெளிச்சத்தில் வளர்ந்தவர்களுக்கு மஞ்சள் என்றாலே மங்கல்தான். ஆனால் அண்ணன் விற்க வந்ததோ 916 தங்கம். ஒரு வளையலை 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை விளக்கின் கீழ் வைத்துக் காட்டினேன். வெளிறிப்போய், ஓரத்தில் லேசாகப் பச்சை அடித்தது. பக்கத்திலேயே மஞ்சள் சாயலுள்ள 3000 விளக்கில் அதே வளையல். அப்புறம் அவர் வெள்ளையைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒளியின் நிறத்தைச் சொல்லும் இந்தக் கெல்வின் எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. கொல்லன் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவக்கும், அப்புறம் மஞ்சளாகும், இன்னும் சூடேற வெளுக்கும். அந்த வரிசைதான் இந்த எண். மெழுகுவர்த்தி 2000-க்குக் கீழே, பழைய குண்டு பல்பு 2700, மேகம் மூடிய பகல் வானம் 6500 வாக்கில். ஆக, சூடு அதிகமான நிறத்துக்குத்தான் கடைக்காரர்கள் 'கூல்' என்றும், சூடு குறைந்த மஞ்சளுக்கு 'வாம்' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். எண்களுக்கு இடையிலான தூரமும் ஏமாற்றும். 3000-க்கும் 3500-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். 6000-க்கும் 6500-க்கும் உள்ள அதே 500-ஐக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டும்.

இனி போட்டியாளர்கள். 3000-க்கு என் ஓட்டு பல இடங்களில் விழும்: தங்கம், மரச்சாமான், ரொட்டி, மசாலா, காஞ்சிபுரம் பட்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது மனிதர்களின் முகம். நம்மவர்களின் மாநிறத் தோல் 6500-க்குக் கீழே, அதுவும் தலைக்கு நேர் மேலிருந்து விழும் ஒளியில், சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். மூன்று நாள் நின்றுகொண்டே பேசி விற்க வேண்டிய ஊழியரை முதல் நாள் காலையிலேயே களைத்தவராகக் காட்டி என்ன பயன்? 3000-க்குக் குறையும் உண்டு. வெள்ளிப் பாத்திரம், வெள்ளை வேட்டி, மருத்துவக் கருவி எல்லாம் அதில் பழுப்பேறியது போலிருக்கும். ஒரே வாட்டில் வாம் எல்இடி தரும் ஒளியும் வெள்ளையைவிடச் சற்றுக் குறைவுதான். அண்ணனின் 'மங்கல்' புகாரில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஒரு ஸ்பாட் கூடுதலாகப் போட்டால் தீர்ந்தது.

6500-ஐ நான் அநேகமாக ஒதுக்கிவிடுவேன். வைரம் மட்டும் விதிவிலக்கு: வெம்மையான ஒளியில் வைரக்கல் மஞ்சள் ஓடியதாகத் தெரியும், வாங்குபவர் சந்தேகப்படுவார். ஐஸ்மேல் வைத்த மீன், குளிர்சாதனப் பெட்டி, ஆய்வுக்கூடச் சாமான் ஆகியவற்றுக்கும் பொருந்தலாம். அங்கேயும் 5000-உடன் நின்றுகொள்வது என் வழக்கம். அச்சுக்காரர்கள் நிறம் பார்க்கும் தரமும் அதுதான். அச்சகத்தில் சரியென்று ஒப்புக்கொண்ட லோகோ நிறம் ஸ்டாலில் மாறித் தெரிந்தால், பதாகையைத் திட்டுவதற்கு முன் விளக்கைப் பாருங்கள்.

4000 நடுநிலைக்காரன். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். மென்பொருள், காப்புறுதி போல மேசைமேல் வைக்கப் பொருளே இல்லாத தொழில்களுக்குச் சரியாக இருக்கும். காரணம் திரை. கணினித் திரைகளின் வெள்ளை பொதுவாக 6500 வாக்கில் அமைந்திருக்கும். 3000 ஒளி நிறைந்த ஸ்டாலில் அது நீலம் பாரித்த ஜன்னல் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். 4000-இல் இந்த மோதல் பாதி குறையும். திரையின் அமைப்பில் போய் வெள்ளையைக் கொஞ்சம் வெம்மையாக்கினால் மீதியும் குறையும்.

ஆனால் ஸ்டால் தனியாக நிற்பதில்லையே. சாங்கி எக்ஸ்போவோ, சன்டெக்கோ, மரினா பே சாண்ட்ஸோ, நான் வேலை பார்த்த கூடங்களில் மேல்விளக்கு பெரும்பாலும் வெள்ளை. பக்கத்து ஸ்டாலும் வெள்ளை. நம் கண் சுற்றியுள்ள ஒளியை 'சாதாரணம்' என்று எடுத்துக்கொண்டு, மற்றதை அதை வைத்தே அளக்கும். 3000 ஸ்டால் அங்கே விளக்கேற்றிய வீட்டு வாசல் மாதிரித் தெரிவது அதனால்தான். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஏசியில் நடுங்கிக்கொண்டு நடப்பவருக்கு அது இன்னும் இதம். இதே 3000, வரிசை முழுக்க அலங்கார விளக்கும் மரப்பலகையுமாக இருக்கும் உணவுக் கண்காட்சியில் யார் கண்ணிலும் படாது. அங்கே நான் 4000 போட்டு ஜெயித்திருக்கிறேன். அதனால் தளவரைபடம் வந்ததும் என் முதல் கேள்வி, பக்கத்தில் யார் என்பதுதான்.

நிறத்தை மாற்றிக்கொள்ளும் எல்இடி வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லையே என்பார்கள். ஓரளவு உண்மை. அதற்குள் ஒரு வாம் வரிசையும் ஒரு கூல் வரிசையும் இருக்கும், இரண்டையும் கலந்து நடு நிறம் வரும். ஒரு முனைக்குத் திருப்பினால் ஒரு வரிசைதான் எரியும், வெளிச்சம் குறையும். நடுவில் வைத்தால் சில விளக்குகளில் மெல்லிய இளஞ்சிவப்பு சாயல் தட்டும். வருடத்துக்கு ஆறு கண்காட்சி போகிறவருக்கு வாங்கத் தகும். ஒன்றுக்காக வேண்டாம்.

கெல்வினைவிட அதிகம் ஏமாற்றுவது நிறத்துல்லியம், அதாவது பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் ஆர்ஏ (Ra) எண். பெட்டியில் 80 என்று போட்டிருந்தால் போதும் என்று நினைப்போம். அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு அந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை. அதற்குத் தனியாக ஆர்9 என்று ஓர் அளவு இருக்கிறது, பல மலிவு விளக்குகள் தோற்பது அங்கேதான். மசாலா விற்கும் ஓர் அக்காவின் ஸ்டாலில் பட்டது இது. 3000 சரியாகத்தான் கேட்டிருந்தேன். வாடகைக்கு வந்த விளக்குகளில் ஆர்9 அடிமட்டம், போதாததற்கு நடுவே இரண்டு 4000 வேறு கலந்திருந்தன. மிளகாய்த்தூள் செங்கல்பொடி மாதிரி நின்றது, ஓர் அடுக்கு மட்டும் அழுக்குப் படிந்தது போல. "என்ன தம்பி, போன வருஷத்துச் சரக்கைக் கொண்டுவந்துட்டேனா?" என்று அக்காவே பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்த்தார். கண்காட்சி தொடங்க இரண்டு மணி நேரம். புதிதாக விளக்கு இணைப்பதென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து பார்க்க வேண்டும். அதனால் அந்த இரண்டை மட்டும் கழற்றச் சொல்லிவிட்டு, மிளகாய்த்தூளைப் பின்வரிசைக்கும் மஞ்சள்தூளை முன்வரிசைக்கும் மாற்றினோம்.

இப்போது என் கருவிப்பெட்டியில் அரை மீட்டர் அரக்குச் சிவப்புப் பட்டுத்துணி கிடக்கிறது. வாடகை விளக்கு வந்து இறங்கியதும் ஒவ்வொன்றாகப் போட்டு, துணியை விரித்துப் பார்ப்பேன். சிவப்பு செத்தால், விளக்கு வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும்.